தண்டவாளத்துக்குள் எட்டிப் பார்த்தவர்



சந்தையில் மண்பானை வாங்கும்போது பாட்டி என்ன செய்வார் என்று கவனித்திருக்கிறீர்களா? பானையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொள்வார். மறு கையின் விரல் கணுவால் லேசாகத் தட்டுவார். கணீர் என்று ஓசை வந்தால் அது நல்ல பானை. ஓசை அடைத்துக்கொண்டு வந்தால் எங்கோ விரிசல் இருக்கிறது என்று பொருள். அதைத் திரும்ப வைத்துவிட்டு வேறு பானையை எடுப்பார்.

பானைக்கு இந்தச் சோதனை போதும். ரயில் தண்டவாளத்துக்கு? ஆயிரம் பேரை ஏற்றிக்கொண்டு இரவில் பாய்ந்து வரும் ரயிலை இரண்டே இரண்டு எஃகுக் கம்பிகள் தாங்குகின்றன. அந்தக் கம்பியின் வயிற்றுக்குள் ஒரு விரிசல் ஒளிந்திருந்தால் என்ன ஆகும்? மேலே பார்த்தால் பளபளவென்று இருக்கும். சுத்தியலால் தட்டினாலும் காட்டிக் கொடுக்காது. ஒருநாள் ரயில் ஏறும்போது படீரென்று உடையும்.

அப்படி ஒளிந்திருக்கும் விரிசலை, ஓடும் வண்டியில் இருந்தபடியே கண்டுபிடிக்க வழி செய்தவர்தான் எல்மர் ஆம்ப்ரோஸ் ஸ்பெர்ரி. கப்பலுக்குத் திசை காட்டியவர், விமானத்தைத் தானாகப் பறக்க வைத்தவர் என்று உலகம் அவரைப் புகழ்கிறது. ஆனால், அறுபது வயதுக்குப் பிறகு அவர் எடுத்துக்கொண்ட தண்டவாள வேலையைப் பற்றிப் பலருக்கும் தெரியாது. வாருங்கள், அவர் கதையை முதலில் இருந்து பார்ப்போம்.

தாய் முகம் அறியாத பிள்ளை

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் சின்சினாட்டஸ் என்று ஒரு சின்ன ஊர். 1860ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் தேதி ஸ்பெர்ரி அங்கே பிறந்தார். பிறந்த வீட்டில் மகிழ்ச்சி நிலைக்கவில்லை. அவரைப் பெற்றெடுத்த சற்று நேரத்துக்கெல்லாம் தாய் மேரி இறந்துபோனார். தந்தைக்கு வேலைக்குப் போயாக வேண்டிய நிலை. தாத்தா, பாட்டி, அத்தை ஹெலன் ஆகியோர் கையில்தான் குழந்தை வளர்ந்தது.

பிறகு குடும்பம் அருகில் இருந்த கோர்ட்லாந்து என்ற ஊருக்கு வந்தது. கோர்ட்லாந்தில் வண்டிப் பட்டறை, இரும்பு வார்க்கும் பட்டறை என்று பல தொழில்கள் நடந்தன. பள்ளி விட்டதும் சிறுவன் எல்மரின் கால்கள் தாமாகவே பட்டறைப் பக்கம் போகும். இரும்பு எப்படி உருகுகிறது, சக்கரம் எப்படிச் சுழல்கிறது, ஒரு பல்சக்கரம் இன்னொன்றை எப்படித் தள்ளுகிறது என்று மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டு நிற்பான்.

1876ஆம் ஆண்டு அமெரிக்கா தனது நூறாவது பிறந்த நாளைக் கொண்டாடியது. அதற்காகப் பிலடெல்பியா நகரில் ஒரு மாபெரும் கண்காட்சி நடந்தது. கிரகாம் பெல்லின் தொலைபேசியை மக்கள் வியந்து பார்த்தது அங்கேதான். கட்டடம் அளவுக்கு உயர்ந்த கோர்லிஸ் நீராவி எந்திரம் ஒன்றும் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. கண்காட்சியைப் பார்க்கப் போனவர்களில் நம் எல்மரும் ஒருவன். ஊர் திரும்பும்போது, என்னவாகப் போகிறோம் என்பது அவனுக்குத் தெளிவாகிவிட்டது. எந்திரங்கள்தான் அவன் வழி!

விளக்கு முதல் டிராம் வரை

ஸ்பெர்ரி கோர்ட்லாந்து ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்தார். பக்கத்தில் இருந்த கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போய், ஆந்தணி என்ற இயற்பியல் பேராசிரியரிடம் தமது சந்தேகங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பெரிய பட்டம் எதுவும் வாங்கவில்லை. கேள்வி கேட்கக் கூச்சப்படவும் இல்லை.

அந்தக் காலத்தில் தெருக்களில் வில் விளக்கு என்ற மின்விளக்கு வரத் தொடங்கியிருந்தது. இரண்டு கரித்துண்டுகளுக்கு நடுவே மின்சாரம் பாய்ந்து கண் கூசும் ஒளியைத் தரும். ஆனால் ஒரு தொல்லை. வரிசையில் இருக்கும் சில விளக்குகளை அணைத்தால் மற்ற விளக்குகளுக்குப் போகும் மின்சாரம் ஏறி இறங்கும். யாராவது அருகிலேயே நின்று சரி செய்துகொண்டே இருக்க வேண்டும். ஸ்பெர்ரி என்ன செய்தார் தெரியுமா? மின்சாரம் ஏறினால் தானே குறைத்துக்கொள்ளும், குறைந்தால் தானே கூட்டிக்கொள்ளும் டைனமோவை உருவாக்கினார். கோர்ட்லாந்தின் வண்டித் தொழிற்சாலைக்காரர்கள் அவருக்குப் பண உதவி செய்தார்கள்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தவறு நேர்ந்தால் எந்திரம் தானே அதை உணர வேண்டும். தானே திருத்திக்கொள்ளவும் வேண்டும். அவர் வாழ்நாள் முழுவதும் செய்த வேலைகளுக்கெல்லாம் இதுதான் வேர்.

1883ஆம் ஆண்டு, இருபத்திரண்டு வயதில், சிகாகோ நகருக்குப் போய்ச் சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கினார். நகரின் வணிகச் சபைக் கட்டடத்தின் உச்சியில் அவருடைய விளக்குகள் ஒளி வீசின. ஆனாலும் தொழில் தழைக்கவில்லை. பெரிய நிறுவனங்களோடு போட்டி போட முடியவில்லை. அவர் சோர்ந்து உட்காரவில்லை. நிலக்கரி வெட்டும் மின்சார எந்திரம் செய்தார். பிறகு கிளீவ்லாந்து நகரில் மின்சார டிராம் வண்டிகள் செய்தார். அடுத்து மின்சாரத்தில் ஓடும் காரையும் செய்தார்! ஒரு துறையில் கதவு மூடினால் அடுத்த துறையின் கதவைத் தட்டுவது அவர் வழக்கம்.

1887இல் சூலா குட்மன் என்ற பெண்ணை மணந்தார். அவர்களுக்கு ஒரு மகள், மூன்று மகன்கள். மகன்களில் ஒருவரான லாரன்சைப் பற்றிச் சற்று நேரத்தில் சொல்கிறேன்.

பம்பரத்தின் பிடிவாதம்

நீங்கள் பம்பரம் விட்டிருப்பீர்கள். நிற்கும் பம்பரத்தை ஆணி முனையில் நிறுத்த முடியுமா? முடியாது. உடனே சாய்ந்துவிடும். அதே பம்பரம் வேகமாகச் சுழலும்போது? நிமிர்ந்து நிற்கிறது. லேசாகத் தட்டினாலும் விழுவதில்லை. சுழலும் பொருள் தன் அச்சின் திசையை அவ்வளவு சுலபத்தில் விட்டுக்கொடுக்காது. மிகவும் பிடிவாதமான பொருள் அது!

இந்தப் பிடிவாதத்தைப் பயன்படுத்தி, எந்தப் பக்கமும் திரும்பக்கூடிய வளையங்களுக்குள் ஒரு சக்கரத்தைச் சுழல விட்டால் அதுதான் கைரோஸ்கோப். 1852இல் பிரெஞ்சு விஞ்ஞானி ஃபூக்கோ இதற்குப் பெயர் வைத்தார். பிறகு பல ஆண்டுகள் அது வகுப்பறையில் காட்டும் வேடிக்கைப் பொருளாகவே இருந்தது.

அப்போது கடலில் ஒரு சிக்கல் வளர்ந்து வந்தது. மரக்கப்பல்கள் போய் எஃகுக் கப்பல்கள் வந்துவிட்டன. காந்தத் திசைகாட்டியைச் சுற்றி எங்கு பார்த்தாலும் இரும்பு! முள் தடுமாறியது. வடக்கு எது என்று சொல்ல வேண்டிய கருவியே குழம்பினால் மாலுமி என்ன செய்வார்?

கைரோஸ்கோப்பைக் கொண்டு காந்தமே இல்லாமல் வடக்கைக் காட்ட முடியும் என்று ஜெர்மனியில் ஆன்ஷுட்ஸ் என்பவர் செய்து காட்டினார். அமெரிக்காவில் ஸ்பெர்ரி தம் முறையில் ஒரு கருவியை உருவாக்கினார். 1910இல் புரூக்ளினில் ஸ்பெர்ரி கைரோஸ்கோப் நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அமெரிக்கப் போர்க்கப்பலான டெலாவேரில் அவருடைய திசைகாட்டி பொருத்தப்பட்டது. அலையில் கப்பல் அதிகமாக உருளாமல் தடுக்கவும் பெரிய கைரோஸ்கோப்பைப் பயன்படுத்திக் காட்டினார்.

கையை எடுத்த விமானி

1914ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் தேதி. பாரிஸ் நகரத்துக்கு அருகே சீன் நதிக்கரையில் கூட்டம் கூடியிருந்தது. பாதுகாப்பான விமானத்துக்கான போட்டி அது. ஸ்பெர்ரியின் மகன் லாரன்ஸ் ஒரு விமானத்தை ஓட்டி வந்தார். அவருக்கு வயது 21. விமானத்துக்குள் தந்தையும் மகனும் சேர்ந்து உருவாக்கிய கைரோஸ்கோப் கருவி சுழன்றுகொண்டிருந்தது.

கூட்டத்துக்கு நேரே வந்ததும் லாரன்ஸ் இரண்டு கைகளையும் மேலே தூக்கிவிட்டார்! உடன் வந்த மெக்கானிக் எழுந்து இறக்கையின் மேல் நடந்து போனார். ஒரு பக்கம் பாரம் கூடினால் விமானம் அந்தப் பக்கம் சாய வேண்டும் அல்லவா? கருவி சாய்வை உணர்ந்து உடனே சரி செய்தது. விமானம் நேராகப் பறந்தது. பார்த்தவர்கள் மலைத்துப்போனார்கள். போட்டியின் பரிசான 50,000 பிராங்க் அவர்களுக்குக் கிடைத்தது. இன்று விமானங்களில் இருக்கும் தானியங்கி ஓட்டும் கருவிக்கு இது முன்னோடி.

ஆனால், எந்தக் கருவியாலும் எல்லா ஆபத்தையும் தடுக்க முடியாது. 1923ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் தேதி, லாரன்ஸ் ஒரு சிறு விமானத்தில் இங்கிலாந்தில் இருந்து ஆங்கிலக் கால்வாயைக் கடக்கப் புறப்பட்டார். கரை சேரவில்லை. விமானம் கடலில் இறங்கிவிட்டது. சில வாரங்களுக்குப் பிறகுதான் அவர் உடல் கிடைத்தது. முப்பது வயது மகனை இழந்த தந்தையின் துயரத்தை எழுத்தில் சொல்ல முடியுமா? ஸ்பெர்ரிக்கு அப்போது வயது 63.

அந்த வயதில், அந்தத் துயரத்தோடு, அவர் புதிதாக ஒரு வேலையில் இறங்கியிருந்தார். அதைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

மான்செஸ்டரில் நடந்தது

சில ஆண்டுகள் பின்னே போவோம். 1911ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் தேதி. ஸ்பெர்ரி பிறந்த அதே நியூயார்க் மாநிலத்தில் மான்செஸ்டர் என்ற ஊருக்கு அருகே ஒரு பயணிகள் ரயில் வந்துகொண்டிருந்தது. (இங்கிலாந்தில் உள்ள மான்செஸ்டரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.) லீஹை வேலி என்ற ரயில் நிறுவனத்தின் வண்டி அது. அதில் பலர் முன்னாள் போர் வீரர்கள். ராச்செஸ்டர் நகரில் நடந்த தங்கள் சங்கக் கூட்டத்துக்குப் போய்விட்டு, பழைய நண்பர்களைப் பார்த்த மகிழ்ச்சியோடு வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

பாலத்தின் அருகே தண்டவாளம் உடைந்தது. பெட்டிகள் தடம் புரண்டன. சில பெட்டிகள் பாலத்தில் இருந்து கீழே விழுந்தன. 29 பேர் உயிரிழந்தார்கள்.

ரயில் ஓட்டுநர் தவறு செய்தாரா? இல்லை. சிக்னல் தவறா? அதுவும் இல்லை. அரசின் சார்பில் விசாரித்த ஜேம்ஸ் ஹோவர்டு என்ற பொறியாளர் உடைந்த தண்டவாளத் துண்டுகளை ஆராய்ந்தார். கம்பியின் தலைப்பகுதிக்குள்ளே குறுக்காக ஒரு விரிசல் வளர்ந்திருந்தது. உடைந்த முகத்தில் அந்த இடம் மட்டும் வெள்ளி போல வழவழவென்று பளபளத்தது. அதற்குக் குறுக்கு விரிசல் என்று பெயர் வைத்தார்கள்.

இது எப்படி உண்டாகிறது? எஃகை உருக்கி வார்க்கும்போது, ஹைட்ரஜன் வாயு உள்ளே சிக்கிக்கொண்டு மிக நுண்ணிய கீறல்களை உண்டாக்கும். இந்தக் காரணம் பின்னாளில்தான் தெரிய வந்தது. சூடான தண்டவாளத்தை மிக மெதுவாக ஆற விட்டால் வாயு வெளியேறிவிடும் என்பதையும் பிறகே கண்டறிந்தார்கள். அந்தக் காலத்தில் அது தெரியாது. ஒவ்வொரு சக்கரம் ஏறி இறங்கும்போதும் அந்தக் கீறல் ஒரு துளி வளரும். நாளுக்கு நாள் உள்ளுக்குள்ளேயே பரவும். வெளியே ஒரு கோடுகூடத் தெரியாது. மிச்சம் இருக்கும் நல்ல எஃகு மெலிந்து, ஒருநாள் தாங்க முடியாமல் போகும். பல்லுக்குள் சொத்தை வளர்வது போலத்தான். மேலே பல் வெள்ளையாக இருக்கும். உள்ளே குடைந்துகொண்டு போகும்.

பாதையை நடந்து பார்க்கும் ஊழியர்கள் அப்போதும் இருந்தார்கள். கண்ணால் பார்ப்பார்கள், தளர்ந்த ஆணிகளை இறுக்குவார்கள். ஆனால் எஃகின் உள்ளே பார்க்கும் கண் மனிதருக்கு ஏது? தண்டவாளத்தை உடைத்துப் பார்த்தால்தான் விரிசல் தெரியும். உடைத்துவிட்டால் அந்தத் தண்டவாளம் பயன்படாது. லட்சக்கணக்கான மைல் நீளப் பாதையில் எதை உடைத்துப் பார்ப்பது? ரயில் நிறுவனங்கள் திகைத்து நின்றன.

முதல் முயற்சி தோற்றது

1923ஆம் ஆண்டு வாக்கில் ஸ்பெர்ரி இந்தப் புதிரைக் கையில் எடுத்தார். உடைக்காமல் உள்ளே பார்க்க வேண்டும். அதுவும் ஒரே இடத்தில் நின்றுகொண்டு பார்த்தால் போதாது. ஓடிக்கொண்டே பார்க்க வேண்டும். வழி என்ன?

அவருக்கு மிகவும் பழக்கமான நண்பன் ஒருவன் இருந்தான். அவன்தான் மின்சாரம்!

தண்டவாளத்தில் மின்சாரத்தைச் செலுத்துவோம். நல்ல எஃகில் அது தடையின்றி ஓடும். விரிசல் இருந்தால் அந்த இடத்தில் பாதை குறுகும், தடை கூடும். தண்டவாளத்தின் மேல் இரண்டு தொடுமுனைகளை வைத்து மின்னழுத்தத்தை அளந்தால் அந்த மாற்றம் தெரியும். இதுதான் அவர் முதலில் போட்ட கணக்கு.

ஆய்வுக்கூடத்தில் கணக்கு சரியாக வந்தது. ஆனால் பாதையில் கிடக்கும் தண்டவாளம் ஆய்வுக்கூடத்துக் கம்பி அல்லவே! அதன் மேல் துரு, அழுக்கு, எண்ணெய், ஆலையில் படிந்த கருஞ்செதில் எல்லாம் உண்டு. தொடுமுனை அழுக்கின் மேல் ஏறும்போதெல்லாம் கருவி விரிசல் என்று பொய் சொன்னது. ஆபத்தே இல்லாத இடத்தில் அடிக்கடி கூச்சல் போடும் காவலாளியை யார் நம்புவார்கள்? முதல் முறை தோற்றது.

குழந்தைகளே, இந்த இடத்தில்தான் பலர் வேலையை மூட்டை கட்டி வைத்துவிடுவார்கள். ஸ்பெர்ரி அப்படிச் செய்யவில்லை. அவரும், அவரிடம் பணியாற்றிய ஹார்கோர்ட் டிரேக் என்ற பொறியாளரும் மீண்டும் யோசித்தார்கள். அழுக்கைத் தொட்டால்தானே பொய் வருகிறது? அளக்கும் கருவி தண்டவாளத்தைத் தொடாமலே அளந்தால் என்ன?

வாய்க்காலும் கல்லும்

அவர்கள் கண்ட வழியைப் புரிந்துகொள்ள ஒரு வாய்க்காலை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நேராக ஓடுகிறது. நடுவில் ஒரு கல் கிடந்தால்? தண்ணீர் அதைச் சுற்றி வளைந்து ஓடும் அல்லவா? கல் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தாலும், மேலே நீரோட்டம் நெளிவதைப் பார்த்தே உள்ளே கல் இருப்பதைச் சொல்லிவிடலாம்.

தண்டவாளத்தில் ஓடும் மின்சாரமும் அப்படித்தான். உள்ளே விரிசல் இருந்தால் அதைச் சுற்றி வளைந்து போகும். மின்சாரம் ஓடும் கம்பியைச் சுற்றிக் காந்தப் புலம் இருக்கும் என்று அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். படிக்காதவர்கள் மேல் வகுப்பில் படிப்பீர்கள். மின்சாரம் வளைந்தால் அந்தக் காந்தப் புலமும் நெளியும். தண்டவாளத்துக்குச் சற்று மேலே ஒரு கம்பிச்சுருளைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தால், புலம் நெளியும் இடத்தில் அந்தச் சுருளில் ஒரு சின்னத் துடிப்பு உண்டாகும். அந்தத் துடிப்புதான் செய்தி! இங்கே ஒரு விரிசல் இருக்கிறது என்ற செய்தி.

இதற்காக ஒரு தனி வண்டியையே கட்டினார்கள். தானே ஓடும் ரயில் வண்டி அது. அதில் ஒரு மின்னாக்கி இருந்தது. உலோகத் தூரிகைகள் வழியாகத் தண்டவாளத்துக்குள் ஆயிரக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் பாய்ந்தது. (உங்கள் வீட்டு மின்விசிறிக்கு அரை ஆம்பியர்கூடத் தேவையில்லை என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.) இரண்டு தூரிகைகளுக்கு நடுவே கம்பிச்சுருள்கள் தண்டவாளத்தை ஒட்டி நகர்ந்தன. சுருளில் தோன்றும் சின்னத் துடிப்பை வானொலியில் இருப்பது போன்ற வால்வுகள் பெரிதாக்கின. வண்டிக்குள் ஒரு நீளமான காகிதச் சுருள் ஓடும். அதன் மேல் பேனா கோடு போட்டுக்கொண்டே போகும். விரிசல் வந்தால் பேனா துள்ளும். அதே நொடியில் வண்டிக்குக் கீழே ஒரு குழாய் தண்டவாளத்தின் மேல் வண்ணத்தைப் பீய்ச்சி அடையாளம் வைக்கும்!

பார்த்தீர்களா? மனிதர் எழுதக்கூடத் தேவையில்லை. கருவியே உணர்ந்தது, கருவியே எழுதியது, கருவியே குறியும் வைத்தது. இளமையில் அவர் செய்த டைனமோ நினைவுக்கு வருகிறதா?

1928ஆம் ஆண்டு அந்த வண்டி வேலைக்குப் புறப்பட்டது. ஒஹையோ மாநிலத்தின் மான்ட்பீலியர் என்ற இடத்தில் வாபாஷ் ரயில் நிறுவனத்தின் பாதையில் அது சோதனை நடத்தியது. வேகமாக ஓடவில்லை. ஒருவர் மெல்ல ஓடும் வேகம்தான். குறி விழுந்த தண்டவாளத்தைக் கழற்றி உடைத்துப் பார்த்தால் அந்த வெள்ளித் திட்டு உள்ளே இருக்கும். வெளியே யாரும் சந்தேகப்பட்டிருக்க முடியாத கம்பி!

விரைவில் இத்தகைய வண்டிகள் பல பாதைகளில் ஓடத் தொடங்கின. ஊழியர்கள் அந்த வண்டியிலேயே சமைத்து, சாப்பிட்டு, தூங்கினார்கள். நாள் முழுவதும் மெல்ல ஊர்ந்து, ஒவ்வொரு தண்டவாளத்தையும் கேள்வி கேட்டுக்கொண்டே போனார்கள். பின்னாளில் மஞ்சள் வண்ணம் பூசிய ஸ்பெர்ரி வண்டிகள் அமெரிக்கப் பாதைகளில் எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டன.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். திசைகாட்டி கப்பலில் கண்ணுக்குத் தெரியும். விமானம் தானாகப் பறந்தால் கூட்டம் கைதட்டும். ஆனால் குறி வைத்து மாற்றப்பட்ட தண்டவாளத்துக்கு யார் கைதட்டுவார்கள்? நடக்காமல் போன விபத்தை யாரும் பார்க்க முடியாது. அதில் காப்பாற்றப்பட்டவர்களுக்கே தாங்கள் காப்பாற்றப்பட்டது தெரியாது. நிம்மதியாகத் தூங்கி, காலையில் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

இறுதி நாட்கள்

ஸ்பெர்ரிக்குப் பல பெருமைகள் வந்து சேர்ந்தன. 1914இல் விமானத் துறையின் காலியர் கோப்பை. 1927இல் பொறியாளர்களுக்கான ஜான் ஃப்ரிட்ஸ் பதக்கம். அமெரிக்க எந்திரப் பொறியாளர் சங்கத்தின் தலைவர் பதவி. 350க்கும் மேற்பட்ட காப்புரிமைகள் அவர் பெயரில் இருந்தன. 1929இல் தமது கைரோஸ்கோப் நிறுவனத்தை விற்றார். ஆனால் புதிது புதிதாக யோசிப்பதை நிறுத்தவில்லை.

1930ஆம் ஆண்டு மார்ச் மாதம் மனைவி சூலா காலமானார். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவரோடு சேர்ந்து நடந்த துணை போய்விட்டது. அடுத்த மூன்று மாதங்களில், ஜூன் 16ஆம் தேதி, அறுவை சிகிச்சைக்குப் பிறகு உடல்நிலை மோசமாகி ஸ்பெர்ரியும் புரூக்ளினில் கண்மூடினார். அவருக்கு அப்போது வயது 69.

அமெரிக்கக் கடற்படை ஒரு கப்பலுக்கு அவர் பெயரைச் சூட்டியது. போக்குவரத்துத் துறையில் சிறந்த பொறியியல் பணி செய்பவர்களுக்கு அவர் பெயரில் ஒரு விருதும் வழங்கப்படுகிறது. 1985இல் தந்தையும் மகனும் சேர்ந்து இருக்கும் அஞ்சல் தலையை அமெரிக்கா வெளியிட்டது. அஞ்சல் தலை சேர்ப்பவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

வௌவாலிடம் கற்ற பாடம்

ஸ்பெர்ரிக்குப் பிறகு தண்டவாளச் சோதனை வெகுதூரம் வளர்ந்துவிட்டது. வௌவால் இருட்டில் எப்படிப் பறக்கிறது? நம் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, அது எதிரொலித்து வருவதைக் கேட்டு வழி அறிகிறது. அதே போன்ற மீயொலியைத் தண்டவாளத்துக்குள் அனுப்புகிறார்கள். விரிசல் இருந்தால் ஒலி அதில் மோதித் திரும்பி வரும். எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது என்பதை வைத்து, விரிசல் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்றும் சொல்லிவிடலாம். இடையில் காற்று இருந்தால் ஒலி உள்ளே போகாது. அதனால் கருவிக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே தண்ணீர் விட்டுக்கொண்டே போவார்கள்.

நம் இந்திய ரயில்வேயிலும் இந்த மீயொலிச் சோதனை நடக்கிறது. தண்டவாளத்தின் மேல் சிறிய தள்ளுவண்டி ஒன்றை வைத்து, திரையைப் பார்த்துக்கொண்டே ஊழியர்கள் நடப்பார்கள். தோளில் கருவிப் பையோடு, வெயிலிலும் மழையிலும் பாதையை நடந்து பார்க்கும் கீமேன்களும் இருக்கிறார்கள்.

பாதையின் வடிவத்தை அளக்கும் வண்டிகளும் உண்டு. இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள அகலம் சரியா, ஒரு பக்கம் தாழ்ந்துவிட்டதா, வளைவு சரியாக இருக்கிறதா என்று ஓடிக்கொண்டே அவை அளக்கும். வண்டி ஆடிக்கொண்டு போகும்போது எது மட்டம், எது சாய்வு என்று எப்படித் தெரியும்? அங்கேதான் நம் பழைய நண்பன் கைரோஸ்கோப் உதவிக்கு வருகிறது! அமெரிக்காவில் சில சரக்குப் பெட்டிகளில் இந்தக் கருவிகளைப் பொருத்தி, வழக்கமான சரக்கு ரயிலோடு இணைத்து விடுகிறார்கள். உள்ளே ஆளே இருக்க மாட்டார். பெட்டி தானே அளந்து, தானே செய்தி அனுப்பும்.

ஆனாலும் ஒரு வேலை மட்டும் மனிதரிடம்தான் இருக்கிறது. கருவி வைத்த குறியைப் பார்த்த பிறகு, அந்தத் தண்டவாளத்தை உடனே மாற்ற வேண்டும். குறியைப் பார்த்தும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால் எவ்வளவு நல்ல கருவி இருந்தும் பயன் இல்லை.

அடுத்த முறை நீங்கள் ரயிலில் போகும்போது, சன்னல் ஓரமாக உட்கார்ந்து தண்டவாளங்களைக் கவனியுங்கள். எங்காவது பாதை ஓரத்தில் ஊழியர்கள் கருவியோடு ஒதுங்கி நின்று ரயிலுக்கு வழி விடுவார்கள். அவர்களைப் பார்த்துக் கை அசையுங்கள். நடக்காமல் போகும் விபத்துகளுக்காக யாராவது ஒருவர் அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டாமா?